தலைவர் இறந்த நாளில் ஊர் இரண்டாகப் பிரிந்தால்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்துச் சிறு நகரம் ஒன்றின் வியாபாரிகள் சங்கச் செயலாளர் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான்: பெரிய தலைவர் ஒருவர் காலமானால் ஊரில் பாதிப் பேர் கண்ணீர் அஞ்சலி போடுகிறார்கள், மீதிப் பேர் "தொலைஞ்சாரு" என்று எழுதுகிறார்கள். சங்கத்துக்குள்ளேயே இரண்டு கோஷ்டி. கடையை அடைக்க வேண்டுமா? மௌன ஊர்வலத்தைச் சங்கம் எடுத்து நடத்தலாமா? இறந்தவரைக் குறை சொல்வது தப்பா? வாட்ஸ்அப் குழுவில் வரும் வசவுக்கு அட்மினாகிய நான் போலீஸ் ஸ்டேஷன் போக வேண்டி வருமா?

தம்பி, முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இறந்தவரின் அரசியலைக் குறை சொல்வது தப்பே இல்லை. இறந்த அன்றைக்கே சொன்னாலும் தப்பில்லை. அழுதுகொண்டிருப்பவர் வாசலில் போய் நின்று சொல்வது தப்பு. ஊர் இரண்டாகப் பிரிவதை உங்களால் தடுக்க முடியாது, தடுக்க வேண்டிய அவசியமும் கிடையாது. இரண்டு தரப்பும் ஒரே தெருவில் ஒரே நேரத்தில் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டால் போதும். உங்கள் சங்கத்தின் வேலை அவ்வளவுதான்.

ஏன் பிரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் கோபம் அடங்கிவிடும். கருணாநிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் பெருமாநல்லூரில் மின்கட்டணத்தை எதிர்த்துத் திரண்ட விவசாயிகளைப் போலீஸ் சுட்டது. 3 பேர் செத்தார்கள். யூனிட்டுக்கு ஒரு பைசாவுக்காக நடந்த போராட்டம் அது. அன்றைக்கு முதல்வர் அவர். 1990-ல் எல்லா விவசாய பம்புசெட்டுக்கும் இலவச மின்சாரம் கொடுத்த முதல்வரும் அவரே. 2006-ல் கூட்டுறவுப் பயிர்க்கடன் ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது. 2009-ல் பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. தமிழ்நாட்டில் அருந்ததியர் அதிகம் வாழ்வது நம் கொங்குப் பகுதியில்தான். இப்போது 2018 ஆகஸ்ட் 7 சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். துப்பாக்கிச் சூட்டில் அப்பிச்சியைப் பறிகொடுத்த வீடும், மோட்டாருக்குக் கரண்டு பில் வராத வீடும், மகளை உள் ஒதுக்கீட்டில் காலேஜுக்கு அனுப்பிய வீடும் ஒரே ஊராட்சிக்குள் இருக்கலாம். முதல் இரண்டும் ஒரே வீடாகவும் இருக்கலாம். அந்த வீட்டுக்காரர் அன்றைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்?

ஜெயலலிதாவுக்கும் இதே கதைதான். 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் போலீஸும் வருவாய்த்துறையும் சேர்ந்து பழங்குடி மக்கள் மேல் நடத்திய கொடுமை அவர் ஆட்சியில் நடந்தது. 2011-ல் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. உயிரோடு இருந்தவர்கள் 215 பேர். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறக்குறைய 1.7 லட்சம் பேரை ஒரே அடியாக வேலைநீக்கம் செய்தவரும் அவர்தான். அதே ஜெயலலிதாதான் 2013-ல் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் விளைநிலத்துக்குள் வரக் கூடாது என்று சட்டமன்றத்தில் சொன்னார். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 மாவட்ட விவசாயிகளும் அன்றைக்கு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். சாயக்கழிவுப் பிரச்சினையில் உயர் நீதிமன்ற உத்தரவால் 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அவற்றின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அதே ஆண்டு ஆட்சிக்கு வந்ததும் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தார். 2004 அக்டோபர் 18-ல் வீரப்பன் கதை முடிந்ததும் அவர் ஆட்சியில்தான். சத்தியமங்கலம் மலைக் கிராமங்களில் சிலருக்கு அது விடுதலை. வேறு சிலருக்கு அதிரடிப்படை முகாமில் பட்ட சித்திரவதைதான் முதலில் நினைவுக்கு வரும்.

இதில் எதுவும் பொய் கிடையாது, எல்லாம் நடந்தது. ஆகவே சங்கக் கூட்டத்தில் இரண்டு பேர் மோதிக்கொண்டால் "நல்லவரா கெட்டவரா" என்ற விவாதத்தை வளர விடாதீர்கள். "உங்களுக்கு அவர் ஆட்சியில என்னங்க ஆச்சு?" என்று கேளுங்கள். பென்ஷன் நின்றது, கடன் தள்ளுபடி ஆனது, மகன் ஜெயிலுக்குப் போனான் என்று ஆளுக்கொன்று வெளியே வரும். அதைக் கேட்டபின் எதிராளி பெரும்பாலும் குரலைத் தாழ்த்துகிறார்.

செத்தவரைக் குறை சொல்வது தமிழ்ப் பண்பாடு கிடையாது என்று சிலர் சொல்வார்கள். எழவு வீட்டு ஒப்பாரியைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். குடித்தே காட்டை விற்றாயே, என்னை நடுத்தெருவில் விட்டாயே, அண்ணன் தம்பி சண்டையைத் தீர்க்காமல் போனாயே என்று பொணத்தைப் பார்த்தே கேட்கிறாள் பெண்டாட்டி. சுற்றி இருப்பவர்கள் யாரும் அவள் வாயைப் பொத்துவதில்லை, ஏனென்றால் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு. அழுகையும் வழக்கும் ஒரே மூச்சில் வருவது நமக்குப் பழசு. "நல்லதுக்குக் கூப்பிட்டால் போ, கெட்டதுக்குக் கூப்பிடாமலே போ" என்பதும் நம் வழக்கம்தான். வரப்புத் தகராறில் பத்து வருஷம் பேசாத பங்காளிகூட எழவுக்கு வந்து, ஒரு ஓரமாக நின்றுவிட்டுப் போகிறான். வழக்கை அவன் வாபஸ் வாங்குவதில்லை, அடுத்த வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குப் போகத்தான் போகிறான்.

அரசியலில் இதை யாரும் மிஞ்ச முடியாத அளவுக்குச் செய்து காட்டியவர் ஈரோட்டுக்காரர். சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜியும் ஈரோடு நகராட்சித் தலைவராக இருந்த பெரியாரும் நண்பர்கள், பின்பு ஆயுள் முழுக்க எதிரணி. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார் பெரியார். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி இறந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாடு வரை வந்து கண்ணீர் விட்டார். அதற்காகக் குலக்கல்வி பற்றிய தன் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1948-ல் காந்தி கொல்லப்பட்டபோதும் அப்படித்தான். வருணாசிரம விஷயத்தில் காந்தியை அவரைப் போல வெளுத்தவர்கள் குறைவு. ஆனாலும் இந்த நாட்டுக்கே காந்தியின் பெயரை வைக்கலாம் என்று எழுதினார். அழுவதா விமர்சிப்பதா என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இந்த இரண்டையும் எடுத்துச் சொல்லுங்கள்.

கொண்டாட்டம் வேறு விஷயம். பட்டாசு வெடிப்பது, லட்டு கொடுப்பது. இதற்கு உலகம் அறிந்த உதாரணம் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர். 2013 ஏப்ரல் 8-ல் அவர் இறந்ததும் லண்டன் பிரிக்ஸ்டனிலும் கிளாஸ்கோவிலும் தெருவில் ஆட்டம் பாட்டம். சூனியக்காரி செத்துவிட்டாள் என்று பாடும் பழைய சினிமாப் பாட்டு ஒன்றை ஆயிரக்கணக்கானோர் காசு கொடுத்து வாங்கி, பிரிட்டனின் பாட்டு வரிசையில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏப்ரல் 17-ல் லண்டனில் ராணுவ மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அதே நாளில் தெற்கு யார்க்ஷயரின் கோல்ட்தார்ப் என்ற சுரங்க ஊரில் அவர் கொடும்பாவியை எரித்தார்கள். 1984-85 சுரங்க வேலைநிறுத்தத்தில் தோற்று, சுரங்கம் மூடி, பிழைப்பைத் தொலைத்த ஊர் அது. அந்த ஊர்க்காரரின் கோபத்தை நான் தப்பு சொல்ல மாட்டேன். லண்டனில் சவ வண்டி போன பாதையில் சிலர் சத்தமில்லாமல் முதுகைக் காட்டி நின்றார்கள். கொடும்பாவியைவிட அந்த முதுகு அழுத்தமான எதிர்ப்பு என்பது என் கருத்து. யாரையும் தொடாமல், யாருடைய அழுகையையும் கெடுக்காமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார்கள். நம் ஊரில் கொண்டாட்டம் ஆபத்தாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பட்டாசு வெடிக்கும் பையனுக்கும் அழுகிற தொண்டருக்கும் வீடு ஒரே தெருவில் இருக்கும். பெரும்பாலும் சாதியும் இடையில் வந்துவிடும். தலைவர் மேல் இருந்த கோபம் ராத்திரிக்குள் தெருச் சண்டையாகவும், விடிவதற்குள் சாதிச் சண்டையாகவும் மாறும். அதனால் பட்டாசுப் பேச்சு எழுந்தால் அந்தத் தெருப் பெரியவர்களை வைத்தே முளையில் நிறுத்துங்கள். போலீஸ் அடுத்த கட்டம்.

இனி நடைமுறை. முதல் ஐந்தாறு மணி நேரம்தான் ஆபத்தானது, அதில் முதல் எதிரி வதந்தி. 2016 டிசம்பர் 5 மாலையில் சில டிவி சேனல்கள் ஜெயலலிதா இறந்துவிட்டதாகச் சொல்ல, கட்சித் தலைமையகத்திலேயே கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கினார்கள். ஆஸ்பத்திரி மறுத்ததும் மறுபடி ஏற்றினார்கள். மரணம் இரவு 11.30 மணிக்கு என்ற அறிவிப்பு நள்ளிரவுக்குப் பின்தான் வந்தது. ஆகவே ஆஸ்பத்திரி அறிக்கையோ அரசு அறிவிப்போ வரும்வரை சங்கத்தின் பெயரில் ஒரு வரியும் போகக் கூடாது. "அவசரச் செய்தி" என்று உறுப்பினர் ஒருவர் போட்டாலும் எடுத்துவிடுங்கள்.

செய்தி உறுதியானால் பஸ்கள் டிப்போவுக்குத் திரும்பிவிடும். இதை அலட்சியமாக நினைக்க வேண்டாம். 2000 பிப்ரவரி 2-ல், ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை என்ற செய்தி வந்த அன்று, தருமபுரி இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக பஸ்ஸைக் கொளுத்தினார்கள். 3 மாணவிகள் உள்ளேயே கருகிச் செத்தார்கள். அது தலைவரின் சாவுகூட இல்லை, கோர்ட்டுத் தீர்ப்பு. அன்றிலிருந்து பெரிய செய்தி வந்தால் முதலில் பஸ்ஸை ஓரம் கட்டுவதே போலீஸின் பழக்கம். உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நூறு இருநூறு பேர் மாட்டிக்கொள்வார்கள், பாதிப் பேர் தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்கள். பஸ் ஸ்டாண்டு ஓட்டல் இரண்டையாவது திறந்து வைக்க ஏற்பாடு செய்யுங்கள், ஒரு கல்யாண மண்டபத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பங்க்குகளில் பாட்டிலில் பெட்ரோல் கொடுக்கக் கூடாது என்று உரிமையாளர்களிடம் நீங்களே பேசிவிடுங்கள். கடைக்கு வெளியே அடுக்கிய சரக்கை உள்ளே எடுத்துவிட்டு, ஷட்டரை முழுதாக மூடுங்கள், அல்லது முழுதாகத் திறந்து வையுங்கள். பாதி மூடிய ஷட்டர்தான் "ஏன்டா இன்னும் தெறந்து வச்சிருக்க" என்று கேட்க வருபவனை வரவழைக்கும்.

கடையடைப்புக்கு வருவோம். கட்டாய பந்த் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1997-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது, அதே ஆண்டு உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. யாரும் விருப்பப்பட்டு அடைக்கலாம். அடைக்கச் சொல்லி மறிப்பதும் மிரட்டுவதும் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மறிப்பதற்கு 126-வது பிரிவு, மிரட்டலுக்கு 351-வது பிரிவு. இதை நோட்டீஸில் எழுதிப் பயமுறுத்த வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

நோட்டீஸின் வாசகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "அனைத்துக் கடைகளும் அடைக்கப்படும்" என்று சங்கம் எழுதினால், பைக்கில் சுற்றும் பத்துப் பையன்களுக்கு அது லைசென்ஸ். "சங்கமே சொல்லிருச்சு, உனக்கென்ன" என்று கல்லை எடுப்பார்கள். இப்படி எழுதுங்கள்:

"மறைந்த தலைவருக்கு மரியாதை செலுத்த விரும்பும் உறுப்பினர்கள் நாளை காலை 6 முதல் பகல் 12 வரை கடையை அடைக்கலாம். திறப்பதும் அடைப்பதும் அவரவர் விருப்பம். மருந்து, பால், உணவு, பூ, காய்கறி வழக்கம் போல் கிடைக்கும். திறந்திருக்கும் கடையை அடைக்கச் சொல்லி யாராவது வந்தால் உடனே சங்கத்துக்குத் தெரிவிக்கவும்."

பகல் 12 என்று முடிவு நேரம் போட மறக்காதீர்கள். முடிவு நேரம் போடாத அடைப்பு ராத்திரி வரை நீளும், அடுத்த நாளும் தொடரும். பூவையும் பாலையும் விலக்குவது மரியாதைக் குறைவு ஆகாது. சத்தியமங்கலம் பக்கம் விடிகாலையில் பறித்த மல்லி அன்றைக்கே விற்காவிட்டால் குப்பைக்குத்தான் போகும். மாட்டுக்குக் காலையும் மாலையும் பால் கறந்தே ஆக வேண்டும். சாயப்பட்டறைகளில் துணி மெஷினுக்குள் ஓட்டத்தில் இருக்கும்போது ஆளை வெளியே அனுப்பினால் அந்த லாட்டின் ஷேடு மாறிவிடும், மொத்தமும் நஷ்டம். அவர்களுக்கு "ஓடுற லாட்டை முடிச்சுட்டு நிறுத்திக்கங்க" என்று தனியாகச் சொல்லுங்கள். கூலிக்காரருக்கு அரைநாள் சம்பளம் போவதையும் கணக்கில் எடுங்கள். அஞ்சலிக்கு அடைப்பவர் தன் ஆளுக்கு அரைநாள் கூலியைக் கொடுத்துவிட்டுத்தான் அடைக்க வேண்டும். அவருடைய துக்கத்துக்குத் தொழிலாளி காசு கொடுக்கக் கூடாது.

"அவரு செத்ததுக்கு நான் எதுக்குங்க அடைக்கோணும்?" என்று கேட்கும் உறுப்பினர் கட்டாயம் ஒருவராவது இருப்பார். அவருக்கு அந்த உரிமை உண்டு என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். அவர் தனியாக எதிர்த்து நின்றால்தான் கடைக்குக் கல் வரும்.

இன்னொன்று. கடை இன்ஷூரன்ஸ் பாலிசியில் கலவரம், வேலைநிறுத்தம், வேண்டுமென்றே செய்யும் சேதம் ஆகியவற்றுக்கான பாதுகாப்பு இருக்கிறதா என்று எல்லாரையும் இப்போதே பார்க்கச் சொல்லுங்கள். பிரீமியத்தைக் குறைக்க அதை நீக்கிவிட்டு எடுத்திருப்பார்கள், கண்ணாடி உடைந்த பிறகுதான் தெரியும். சேதம் நடந்தால் பெருக்கிச் சுத்தம் செய்வதற்கு முன் போட்டோ, அன்றைக்கே புகார், எஃப்ஐஆர் நகல். இந்த மூன்றும் இல்லாத கிளெய்ம் இழுத்துக்கொண்டே போகும்.

மௌன ஊர்வலத்தைச் சங்கம் தனியாக நடத்த வேண்டாம், அனைத்துக் கட்சி ஊர்வலமாக இருந்தால் கலந்துகொள்ளுங்கள். நம் பக்கத்துச் சிறு நகரங்களில் பரம எதிரிக் கட்சிக்காரரும் கறுப்புப் பட்டை குத்தி வந்து நடப்பது இன்னும் இருக்கிற நல்ல வழக்கம். அதைக் காப்பாற்றுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் கமிஷனர் அலுவலகத்துக்கும் மற்ற இடங்களில் உள்ளூர் ஸ்டேஷனுக்கும் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். பாதை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், ஏறக்குறைய எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் போன் நம்பர், இவை இருந்தால் போதும். நேரம் காலை 10 மணி. டாஸ்மாக் பகல் 12-க்குத் திறக்கும், அதற்குள் முடித்து ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். சாயங்கால ஊர்வலம் கெட்டுப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பாதை ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். எதிர்க்கட்சிக் கொடிக்கம்பம், சாதித் தலைவர் சிலை, தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் ஆகியவற்றைத் தவிர்த்துப் போடுங்கள். கட்சிக் கொடி ஒன்றும் வேண்டாம், படம் ஒன்று போதும். பாட்டுப் பெட்டி கூடவே கூடாது. மௌனம் என்றால் "வாழ்க" கோஷமும் கூடாது. யாராவது ஒருவர் "வாழ்க" என்றால் ஓரத்தில் நிற்கிற ஒருவர் "ஒழிக" என்பார், அதோடு ஊர்வலம் முடிந்தது. 25 பேருக்கு ஒரு தொண்டர் வீதம் ஓரத்தில் நடக்கட்டும், கடைசி வரிசைக்குப் பின்னால் வயதில் மூத்த நாலு பேர். கல் எப்போதும் கடைசி வரிசையிலிருந்துதான் பறக்கும்.

நீளமான பாதையின் விலை கோவைக்குத் தெரியும். 2016 செப்டம்பரில் கொலையுண்ட இந்து முன்னணி நிர்வாகியின் உடல் ஊர்வலமாகப் போனபோது வழியெங்கும் கல்வீச்சு. துடியலூரில் கடைகளைச் சூறையாடினார்கள், வண்டிகள் எரிந்தன. 2024 டிசம்பர் 16-ல் 1998 குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட அல் உம்மா நிறுவனர் பாஷா இறந்தார். அவரைத் தலைவர் என்பவர்களும் இருந்தார்கள், 58 பேர் செத்த வழக்கின் குற்றவாளிக்கு ஊர்வலமா என்று கொதித்தவர்களும் இருந்தார்கள். பலத்த போலீஸ் காவலோடு அடக்கம் நடந்தது, சில நாள் கழித்து அதைக் கண்டித்து எதிர்த்தரப்பு பேரணி நடத்தியது. இந்த மாதிரி நேரத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கண்ணியமாக அடக்கம் செய்வது எந்தக் குடும்பத்துக்கும் உள்ள உரிமை, இறந்தவர் என்ன செய்திருந்தாலும் அது போகாது. பெருமைப்படுத்தி நடு ரோட்டில் ஊர்வலம் போவது அந்த உரிமைக்குள் வராது. அதைத் தனியாகத்தான் அனுமதி கேட்க வேண்டும், தனியாகத்தான் எதிர்க்கவும் வேண்டும். சுடுகாட்டில் கூடியிருப்பவர்களுக்கு இடைஞ்சல் செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 301-வது பிரிவின்படி ஓராண்டு வரை தண்டனைக்குரிய குற்றம், அதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இடத் தகராறு வந்தால் கோர்ட்டு இருக்கிறது. கருணாநிதிக்கு மெரினாவில் இடம் கிடையாது, கிண்டியில் தருகிறோம் என்று எடப்பாடி பழனிசாமி அரசு சொன்னபோது, கூட்டம் கொதித்துக்கொண்டிருந்த அந்த ராத்திரியிலேயே உயர் நீதிமன்றம் விசாரித்து, மறுநாள் காலை மெரினாவுக்கு அனுமதி கொடுத்தது.

தேசியக் கொடி விஷயத்தில் பலர் தடுமாறுகிறார்கள். அரைக்கம்பத்தில் பறக்க விடுவது அரசு உத்தரவு வந்தால் மட்டும். கட்சித் தலைவர் இறந்தார் என்று ஊராட்சி அலுவலகமோ சங்கமோ தானாக இறக்கக் கூடாது. உத்தரவு வந்தால் கொடியை முதலில் உச்சி வரை ஏற்றி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும்; மாலையில் இறக்கும்போதும் ஒரு முறை உச்சிக்கு ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். கட்சிக் கொடி அவரவர் கட்சிப்பாடு.

ஃப்ளெக்ஸ் பேனருக்கு உள்ளாட்சி அனுமதி வேண்டும், துக்கம் என்று விலக்கு கிடையாது. 2017-ல் கோவை அவிநாசி ரோட்டில் விழாவுக்கு வைத்த அலங்கார வளைவில் மோதி ஓர் இளைஞர் செத்தார். 2023 ஜூனில் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைச் சாரம் சரிந்து 3 தொழிலாளர்கள் செத்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பு நட்டுக் கட்டுவதுதான் சாய்கிறது. கடை முன் சின்னப் படம், ஒரு மாலை, ஒரு விளக்கு போதும். பேனர் கிழிந்தால் அதுவே அடுத்த கலவரத்துக்குச் சாக்கு, வைக்காத பேனரை யாராலும் கிழிக்க முடியாது.

வாட்ஸ்அப்புக்கு வருவோம். உறுப்பினர் போட்ட பதிவுக்கு அட்மின் என்பதாலேயே பொறுப்பாக்க முடியாது என்று 2021-ல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. நீங்களும் சேர்ந்து தூண்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. செய்தி உறுதியானதும் இரண்டு நாளைக்கு "அட்மின் மட்டும் பதிவிடலாம்" என்று மாற்றிவிடுங்கள். அதற்கு முன் வந்த மோசமான பதிவு இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, எல்லாருக்கும் அழியும்படி அட்மினாகவே அழியுங்கள். பதிவு போட்டவருக்குத் தனியாக ஒரு போன். குழுவில் திட்டினால் அவர் வேறு பத்துக் குழுவில் போடுவார்.

எது குற்றம், எது குற்றமாகாது? சாதி, மதம், மொழியை இழுத்துப் பகை மூட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-வது பிரிவு, வதந்தி பரப்பிக் கலவரத்தைத் தூண்டினால் 353-வது பிரிவு. இரண்டுக்கும் மூன்றாண்டு வரை தண்டனை உண்டு. இறந்தவர் பேரிலும் அவதூறு வழக்கு வரும்: 356-வது பிரிவின் விளக்கத்தின்படி, உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும் பழியை, குடும்பத்தார் மனதைப் புண்படுத்த வேண்டும் என்ற எண்ணத்தோடு சுமத்தியிருக்க வேண்டும். "அவர் ஆட்சி மோசம், எனக்கு வருத்தமில்லை" என்று எழுதுவது இதில் எதிலும் வராது. 2012 நவம்பரில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்து மும்பை அடைபட்டபோது, ஏன் அடைக்க வேண்டும் என்று பேஸ்புக்கில் கேட்ட பால்கர் பெண்ணையும், அதற்கு லைக் போட்ட தோழியையும் போலீஸ் கைது செய்தது. உறவினரின் கிளினிக்கை ஒரு கும்பல் உடைத்தது. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்து, அந்த வழக்கைத் தொடர்ந்து வந்த மனுவில்தான் 2015 மார்ச் 24 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உங்கள் ஊர்ப் பையன் யாரையாவது ஒரு வரிக்காக ஸ்டேஷனில் உட்கார வைத்தால், எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேளுங்கள், கூடவே ஒரு வக்கீலையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பையன் எதிர்க்கட்சியாக இருந்தாலும் சங்கம் போக வேண்டும்.

விமர்சிப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். துல்லியமாக எழுதுங்கள். சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவை உச்ச நீதிமன்றம் குற்றவாளி என்றது என்று பலர் எழுதுகிறார்கள். 2014 செப்டம்பர் 27-ல் தண்டித்தது பெங்களூரு தனி நீதிமன்றம். 2015 மே மாதம் கர்நாடக உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் மற்ற மூவரின் தண்டனையை மீண்டும் உறுதி செய்தது. அவர் இறந்துவிட்டதால் அவரைப் பொறுத்தவரை மேல்முறையீடு அற்றுப்போனது. கருணாநிதி விஷயத்தில், அவர் மீதான ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷன் சொன்னது விசாரணைக் கமிஷனின் அறிக்கை, கோர்ட்டுத் தண்டனை கிடையாது. வருஷத்தையும் இடத்தையும் தீர்ப்பையும் சரியாக எழுதினால் எதிர்த்தரப்பு பதில் தேடியாக வேண்டும். "நாசமாப் போனான்" என்று எழுதினால் அவர்களுக்கு வேலையே இல்லை, உங்களைப் பண்பில்லாதவர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வாச்சாத்திப் பெண்களுக்கும் பெருமாநல்லூர்க் குடும்பங்களுக்கும் அந்த வசவால் ஒரு நன்மையும் வராது.

அழுகிறவர்களில் சிலரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். தலைவர் செத்தால் தானும் சாவது என்பது தமிழ்நாட்டில் நிஜமாகவே நடக்கிறது. ஜெயலலிதா இறந்தபின், அதிர்ச்சியில் இறந்ததாகச் சொல்லப்பட்ட தொண்டர் குடும்பங்களுக்குக் கட்சியே 3 லட்சம் ரூபாய் அறிவித்தது. அந்த மாதிரி அறிவிப்பு தளர்ந்த மனதை இன்னும் தளர்த்தும் என்றுதான் அஞ்சுகிறேன். உங்கள் ஊரில் கடன், குடி, வீட்டுச் சண்டை எல்லாம் சேர்ந்து, கட்சியே கதி என்று இருப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவரோடு இரண்டு மூன்று நாள் ஒருவர் கூடவே இருக்கட்டும். பூச்சி மருந்துக் கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். மனநல உதவிக்கு 14416 அல்லது 104 என்ற எண்ணை அழைக்கலாம். இந்த வேலையில் எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி பார்க்க வேண்டாம்.

படத்திறப்பு, புகழஞ்சலிக் கூட்டம் என்று பதினாறாம் நாளை ஒட்டி வசூல் வரும். சங்க நிதியிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காதீர்கள். அது எல்லா உறுப்பினரின் சந்தாப் பணம். கொடுக்க விரும்புகிறவர்கள் தனி ரசீதுப் புத்தகத்தில் தன் பெயருக்குக் கொடுக்கட்டும், சங்கத்தின் பெயர் அந்த ரசீதில் வரக் கூடாது. கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் பேசச் சொன்னால், தலைவரால் உங்கள் ஊருக்குக் கிடைத்த பாலம், பள்ளி, தண்ணீர் என்று நடந்ததை மட்டும் மூன்று நிமிடத்தில் சொல்லி இறங்குங்கள். விமர்சனக் கூட்டம் நடத்த எதிர்த்தரப்பு இடம் கேட்டால், அதே மண்டபத்தை அதே வாடகைக்கு வேறொரு தேதியில் கொடுக்கச் சொல்லுங்கள்.